எந்த மாதத்து வருமானம்?

2022 ஐப்பசி. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற மாமி ஒருவர் நலன்புரி உதவிக்கான விண்ணப்பப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். திருகோணமலையில் அந்த நாட்களில் யார் கையைப் பார்த்தாலும் அந்தப் படிவம்தான். எழுத்து வேலை தெரிந்தவன் என்று ஊரில் ஒரு பேர் இருப்பதால் பலர் என்னிடம் வந்தார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சுகமாய்ப் போனது. மாதாந்த வருமானத்தில் வந்து நின்றோம்.

"எவ்வளவு போட, மாமி?"

"எந்த மாதத்தைத் தம்பி கேக்கிறாங்க?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. மாமா கரைவலைக்குப் போகிறவர், கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கிற வேலை. சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும் கடல் ஏதோ கொடுக்கும். ஒரு பாடு நல்லாய் விழுந்தால் வலைக்காரரின் பங்கும் செலவும் கழித்து மிச்சத்தை இழுத்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். மாரி தொடங்கிக் கடல் அடிக்க ஆரம்பித்தால் வலை மணலில் கிடக்கும், மாமா திண்ணையில் இருப்பார். கடைசியில் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று குத்துமதிப்பாகக் கூட்டி, பன்னிரண்டால் பிரித்து ஓர் இலக்கம் போட்டோம். அந்த இலக்கம் எந்த மாதத்திலும் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை.

படிவத்தோடு கொடுக்க ஒரு கடிதமும் எழுதச் சொன்னார். நான் "வறிய குடும்பம்" என்று தொடங்க, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் தடுத்தார். "ஏழை எண்டு எழுதிப்போடாதீங்க தம்பி. கஷ்டம் எண்டு எழுதுங்க."

நான் எழுதியது ஏழை அல்ல, வறிய. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கஷ்டம் வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், பேப்பரில் வருகிற வறுமைக் கணக்குகளைப் பாதிக்கு மேல் விளங்கிக்கொள்ளலாம்.

நம் பேச்சில் வறுமை என்ற சொல் அநேகமாக வராது. "இல்லாத ஆக்கள்", "வசதி குறைஞ்ச சனம்", "அன்றாடங்காய்ச்சி", "கையில மடியில ஒண்டுமில்லை", "சீவியம் இழுபடுது". எல்லாவற்றுக்கும் மேலே "கஷ்டம்". கஷ்டம் ஒரு நிலைமை. போன வருடம் இருந்தது, இந்த வருடம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சொல்லலாம். "நாங்க இப்ப கஷ்டம்" என்றால் அந்த "இப்ப"வுக்குள் நாளைக்கு மாறலாம் என்ற நினைப்பும் இருக்கிறது. ஏழை அப்படியில்லை. அது ஆளுக்கு வைக்கிற பெயர். அதைச் சொன்னதும் மனிதர் ஒரு வகையாகிவிடுகிறார். பழைய தமிழில் அந்தச் சொல்லுக்குக் காசோடு பெரிய தொடர்பும் இல்லை. தனியாளாக நின்று பலரோடும் பகை தேடுகிறவனைத் திருக்குறள் ஏழை என்கிறது. அங்கே அதன் பொருள் அறிவில்லாதவன். பணமில்லாதவனுக்கு எப்படியோ அந்தப் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது. மாமிக்கு இந்தச் சொல் வரலாறெல்லாம் தெரியாது, ஆனால் அந்தச் சொல் குத்தும் என்று தெரியும்.

வறுமை கொஞ்சம் நாகரிகமான சொல். வறள், வறட்சி எல்லாம் அதன் உறவுச் சொற்கள். குளம் வற்றுகிற மாதிரி வீடு வற்றுவது. வள்ளுவர் இதற்கென்று ஓர் அதிகாரமே வைத்து, அதற்கு நல்குரவு என்று பெயர் கொடுத்தார். உரை சொன்ன பரிமேலழகர், நுகர்வதற்கு எதுவும் இல்லாத நிலைதான் அது என்கிறார். நுகர்வு என்ற இந்தச் சொல்லை ஞாபகம் வைத்திருங்கள். இன்றைய புள்ளிவிபரக்காரர்களும் இதே இடத்துக்குத்தான் வருகிறார்கள்.

கோடு எங்கே இருக்கிறது?

"வறுமைக் கோட்டின் கீழ் வாழும் மக்கள்" என்று மேடையில் அடிக்கடி கேட்கிறோம். அந்தக் கோட்டைப் போடுவது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம். இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக் கோடு 2004இல் அறிமுகமானது. அதற்கு அடிப்படை 2002ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவு ஆய்வு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,030 கிலோ கலோரி உணவு தேவை என்று முதலில் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு கலோரியைச் சாதாரண வீடுகளில் சாப்பிடுகிற சாப்பாட்டிலிருந்தே பெற எவ்வளவு காசு வேண்டும் என்று பார்த்தார்கள். அதோடு உடுப்பு, மருந்து, பஸ் காசு போன்ற உணவல்லாத தேவைகளுக்கு ஒரு தொகையைக் கூட்டினார்கள். வந்த விடை, ஆளுக்கு மாதம் 1,423 ரூபா. அதற்குக் குறைவாகச் செலவழிக்கிறவர் வறியவர்.

"செலவழிக்கிறவர்" என்பதைக் கவனியுங்கள், உழைக்கிறவர் என்று சொல்லவில்லை. பலர் வழுக்கி விழுகிற இடம் இது. இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமை வருமானத்தை வைத்து அளக்கப்படுவதில்லை, நுகர்வுச் செலவை வைத்து அளக்கப்படுகிறது. ஆகவே "குறைந்த வருமானம் பெறும் குடும்பம்" வேறு, "வறுமைக் கோட்டுக்குக் கீழான குடும்பம்" வேறு. ஒரு குடும்பம் இரண்டாகவும் இருக்கலாம், ஒன்றாக மட்டும் இருக்கலாம்.

ஏன் செலவை அளக்கிறார்கள்? மாமியின் கேள்வியே அதற்குப் பதில். வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், ஆனால் அடுப்பு அநேகமாக ஒரே மாதிரி எரியும். தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர் தன் நெல்லையே குத்திச் சாப்பிட்டால் கையில் காசு புழங்காது, ஆனாலும் சோறு இருக்கிறது. அந்த நெல்லுக்கும் ஒரு விலை போட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள். மாமா கறிக்கென்று கொண்டுவருகிற மீனுக்கும் அப்படித்தான். அதோடு, வருமானம் எவ்வளவு என்று கேட்டால் நம் சனம் குறைத்துத்தான் சொல்லும். போன கிழமை எவ்வளவு அரிசி வாங்கினீர்கள் என்று கேட்டால் பொய் சொல்ல அவ்வளவு காரணம் இல்லை. வீடுகளையும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை, வருடத்தின் பன்னிரண்டு மாதங்களுக்கும் பிரித்துவிடுவார்கள். ஒரு வீட்டில் கேட்கிறவர் சித்திரையில் வருவார், இன்னொரு வீட்டில் மார்கழியில் வருவார். நாடு முழுவதற்குமான கணக்கில் "எந்த மாதம்" என்ற பிரச்சினை இப்படித் தீர்ந்துவிடுகிறது. மாமியின் படிவத்தில் தீராது.

ஆனால் செலவுக்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு. மார்கழியில் மாமி வீட்டு அடுப்பு எரிவது சங்கிலி அடகில் இருப்பதால். அதுவும் முடிந்தால் கடையில் கடன் கொப்பி. அதுவும் முடிந்தால் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற நுண்கடன்காரரின் லோன். கடன் வாங்கிச் சாப்பிட்ட சோறும் உழைத்துச் சாப்பிட்ட சோறும் கலோரியில் ஒன்றுதான். அந்த மாதம் கணக்கெடுக்க வந்தால் அந்த வீடு கோட்டுக்கு மேலே நிற்கும். அளவுகோலில் பிழை இருப்பதாக நான் சொல்லவரவில்லை. அது அளப்பது ஒன்றை, நாம் கஷ்டம் என்று சொல்வது இன்னொன்றை.

சரி, இனி ஒரு சின்னக் கணக்கு. 2019க்கு வந்த கோடு ஆளுக்கு மாதம் 6,966 ரூபா. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 27,864. ஒரு வீடு 27,800 ரூபா செலவழித்தால் நாலு பேரும் வறியவர்கள். பக்கத்து வீடு 27,900 செலவழித்தால் அங்கே ஒருவரும் வறியவர் இல்லை. இரண்டு வீட்டுக்கும் இடையில் நூறு ரூபா. அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே குழாயடியில் நிற்பார்கள், தங்களுக்கு நடுவில் ஒரு கோடு போகிறது என்று இருவருக்கும் தெரியாது. இதனால்தான் எத்தனை பேர் கீழே என்று மட்டும் எண்ணாமல், எவ்வளவு கீழே என்றும் பார்க்கிறார்கள். அதற்கு வறுமை இடைவெளி என்று பெயர். கோட்டுக்கு 64 ரூபா கீழே இருப்பதும் ஆறாயிரம் ரூபா கீழே இருப்பதும் ஒன்றல்லவே.

இன்னொரு விஷயம். 2016இல் இலங்கையில் வறியவர்கள் 4.1 சதவீதம்தான் என்று சொன்னார்கள். பிறகு 2019க்கு 14.3 சதவீதம் என்று வந்தது. மூன்று வருடத்தில் மூன்று மடங்குக்கு மேலா? அப்படியில்லை. 2016இன் கணக்கு 2002 ஆய்வை வைத்துப் போட்ட கோட்டில் நின்றது. வருடா வருடம் விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டு போனார்களே தவிர, கூடைக்குள், அதாவது கணக்குக்கு எடுத்த பட்டியலுக்குள், இருந்த சாமான் 2002இன் சாமான். இதற்கிடையில் சனம் சாப்பிடுகிறதும் செலவழிக்கிறதும் மாறிவிட்டது. 2002இல் எங்கள் ஒழுங்கையில் யாரிடம் கைபேசி இருந்தது? பிறகு 2012/13 ஆய்வை அடிப்படையாக எடுத்து, புதுக் கோட்டைப் போட்டு 2022இல் வெளியிட்டார்கள். கோடு உயர்ந்ததும் அதன் கீழே வந்த ஆட்கள் கூடினார்கள். அவர்கள் முன்பும் அங்கேதான் இருந்தார்கள். இனி யாராவது "வறுமை கூடிவிட்டது", "வறுமையைக் குறைத்துவிட்டோம்" என்று சொன்னால், இரண்டு வருடத்துக்கும் ஒரே கோடா என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாகப் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

திணைக்களம் மாவட்டத்துக்கு ஒரு கோடும் போடுகிறது, கொழும்பில் சாமான் விலை ஒன்று, இங்கே ஒன்று என்பதால். உலக வங்கிக்கு வேறு கோடு. 1990இல் நாளுக்கு ஒரு டொலர் என்று தொடங்கியது 1.25, 1.90, 2.15 என்று ஏறி, 2025இல் 3 டொலருக்கு வந்தது. அதை வங்கியில் மாற்றுகிற டொலர் என்று நினைத்து ரூபாவால் பெருக்கக் கூடாது. ஒரு டொலருக்கு அமெரிக்காவில் வாங்கக்கூடிய அளவுச் சாமானை இங்கே வாங்க எத்தனை ரூபா வேண்டும் என்று பார்த்து மாற்றிய டொலர் அது. நாடுகளை ஒப்பிட உதவும், எங்கள் ஒழுங்கைக்குப் பெரிய உபயோகமில்லை.

கணக்கில் இல்லாத ஊர்

திருகோணமலைக்காரனாக இதைச் சொல்லாமல் போக முடியாது. 2002 ஆய்வில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. ஆக, அந்த 1,423 ரூபாவை நிர்ணயித்த கூடையில் எங்கள் ஊர்ச் சாப்பாடு ஒரு பிடிகூட இல்லை. பிறகு 2006/07 ஆய்வு. அதில் கிழக்கைச் சேர்த்தார்கள், ஆனால் வடக்கு மாகாணமும் திருகோணமலை மாவட்டமும் விடுபட்டன. 2006 ஆடி, ஆவணியில் மாவிலாறு, மூதூர், சம்பூர்ப் பக்கம் என்ன நடந்தது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போருக்குப் பயந்து சனம் பாயும் சட்டியுமாக நடந்துகொண்டிருந்த காலம். அந்த ஆய்வில் இலங்கையின் வறுமை 15.2 சதவீதம் என்று வந்தது, நம்மை எண்ணாமலே. அடுத்து வந்த 2009/10 ஆய்வில்தான் திருகோணமலைக்கும் ஓர் இலக்கம் கிடைத்தது.

அட்டவணையில் எங்கள் மாவட்டத்துக்கு இலக்கம் இல்லையென்றால் அதற்குப் பூச்சியம் என்று அர்த்தமில்லை, கேட்கவில்லை என்று அர்த்தம். ஆனால் எண்ணாத காலத்திலும் எங்களுக்குச் சொற்களுக்குக் குறைவிருக்கவில்லை. இடம்பெயர்ந்தோர், மீள்குடியேறியோர், பெண் தலைமைத்துவக் குடும்பம், நலிவுற்றோர், வாழ்வாதாரம் இழந்தோர் என்று ஒவ்வொரு திட்டமும் ஒரு சொல்லோடு வந்தது. வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் எழுத்து வாசனை குறைந்த கிழவிகள்கூட "வாழ்வாதாரம் தந்தாங்க" என்பார்கள். அதற்குக் கோழி தந்தார்கள் என்று அர்த்தம், அல்லது தையல் மெசின்.

அரசாங்கத் திட்டங்களின் பெயர்களையும் பாருங்கள். 1989இல் ஜனசவிய வந்தது. சிங்களத்தில் மக்கள் பலம். 1995இல் சமுர்த்தி, செழிப்பு. 2023இல் அஸ்வெசும, ஆறுதல். பலத்தில் தொடங்கி, செழிப்பைத் தொட்டு, ஆறுதலில் வந்து நிற்கிறோம். யாரும் யோசித்து இந்த வரிசையில் வைத்திருக்கமாட்டார்கள், ஆனாலும் பெயர்களில் ஏதோ உண்மை இருக்கிறது. எங்கள் பேச்சில் இந்தப் பெயர்களே வறுமைக்கான சொற்களாகிவிட்டன. "அவங்க சமுர்த்தி எடுக்கிற ஆக்கள்" என்று கல்யாணப் பேச்சில் ஒருவர் சொன்னால், மற்றவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. செழிப்பு என்ற பொருளுள்ள சொல் வறுமைக்குப் பெயரான கதை இது.

மாமி கொண்டுவந்த படிவம் இந்த அஸ்வெசுமவுக்குத்தான். அது வருமானத்தை மட்டும் கேட்பதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பில் 22 குறிகாட்டிகள். அவற்றுக்குப் புள்ளி போட்டு நாலு வகையாகப் பிரித்தார்கள். 2023இல் தொடங்கியபோது இடைநிலை வகைக்கு மாதம் 2,500 ரூபா, பாதிக்கப்படக்கூடியோருக்கு 5,000, வறியோருக்கு 8,500, மிக வறியோருக்கு 15,000. தொகைகள் பிறகு மாறின. பெயர்ப் பட்டியலை எல்லோரும் பார்க்கக்கூடியதாக வைத்தார்கள். எனக்குக் கிடைக்கவில்லை என்று மேன்முறையீடு செய்யலாம், இன்னாருக்குக் கிடைத்தது பிழை என்று ஆட்சேபனையும் கொடுக்கலாம். அந்த நாட்களில் ஒழுங்கையில் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த விதத்தை எழுத இது இடமில்லை.

இப்படிப் பல பக்கத்தால் அளப்பதற்குப் பல்பரிமாண வறுமை என்று பெயர். சொல் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் இலகு. காசு எவ்வளவு என்று கேட்காமல், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, நல்ல தண்ணீர் இருக்கிறதா, மலசலகூடம் இருக்கிறதா, எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்பது. உலக அளவிலான சுட்டெண்ணில் பத்துக் குறிகாட்டிகள் உண்டு. அவற்றில் எடைப்படி மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இல்லாவிட்டால் வறியவர். அதில் விறகடுப்பும் ஒரு குறை. 2022இல் காஸ் இல்லாமல் நகரத்து வீடுகளும் முற்றத்தில் மூன்று கல் வைத்தபோது, அந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரு படி இறங்கினோம். மாமி எங்கள் முற்றத்துக்கு வந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த என் மனைவிக்கு ஈர விறகை எப்படி அடுக்குவது என்று காட்டிவிட்டுப் போனார்.

கடைசியாக ஒரு வகை. இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் அறுதி வறுமை. இவ்வளவு இல்லாவிட்டால் சீவிக்க முடியாது என்று போட்ட கோடு. சார்பு வறுமை என்று இன்னொன்று உண்டு. அது சுற்றியிருப்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில், நாட்டின் எல்லோரையும் வருமானப்படி வரிசையாக நிற்கவைத்து நடுவில் நிற்பவரின் வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே உள்ளவரை வறுமை அபாயத்தில் இருப்பவர் என்கிறார்கள். அங்கேயுள்ள வறியவருக்குக் காரும் இருக்கலாம். இதைக் கேட்டு நம்மவர்கள் சிரிப்பதுண்டு. ஆனால் சொந்தத்தில் ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு வெறுங்கையோடு போகச் சொன்னால் யார் போவோம்? கலோரிக் கணக்கில் அந்தக் காசுக் கவருக்கு இடமில்லை. போகாமல் விட்டால் பசியில் சாகமாட்டோம். ஆனாலும் அடுத்த நல்லது கெட்டதுக்கு நம் வாசலுக்கு யார் வருவார்கள்? ஆடம் சிமித் 1776இலேயே இதைச் சொல்லிவைத்தார். அவர் காலத்து ஐரோப்பாவில் ஒரு கூலியாள் லினன் துணிச் சட்டை இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவான், ஆகவே அதுவும் அத்தியாவசியம்தான் என்று. எங்கள் ஊரில் அந்தச் சட்டை ஒரு கவருக்குள் வைக்கிற ஆயிரம் ரூபா.

கடிதத்தில் நான் கடைசியில் "கஷ்டமான சூழ்நிலையில் வாழும் குடும்பம்" என்று எழுதினேன். மாமிக்குத் திருப்தி. அடுத்த வருடம் பட்டியல் வந்தது, மாமியின் பெயரும் இருந்தது. இடைநிலை வகை, மாதம் 2,500. அந்த வகைக்கு ஒரு காலக்கெடுவும் வைத்திருந்தார்கள், முதலில் 2023 மார்கழி 31 வரைக்கும்தான் என்று. பிறகு அதை நீட்டினார்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

"இடைநிலை எண்டா என்ன தம்பி?"

இப்போதைக்குக் கஷ்டத்தில் இருக்கிறீர்கள், கொஞ்சக் காலத்தில் மேலே வந்துவிடுவீர்கள் என்று அர்த்தம், மாமி என்றேன்.

"மார்கழிக்குள்ளயா?" என்றார். மாமா அப்போதுதான் வலையைத் தூக்கிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.